புழுக்களை நேசித்த ஓவியப் பெண்மணி

மற்றச் சிறுமிகள் பொம்மை வைத்து விளையாடும் வயது. அந்தச் சிறுமியோ பட்டுப்புழு வளர்த்தாள்!

புழு இலை தின்றது, கூடு கட்டியது, கூட்டை உடைத்துக்கொண்டு பூச்சியாக வெளியே வந்தது. அவ்வளவையும் கூர்ந்து பார்த்தாள். அப்போது அவளுக்கு வயது 13.

அவள் பெயர் மரியா சிபில்லா மெரியன். ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் நகரில் 1647-ம் ஆண்டு பிறந்தவள்.

மூன்று வயதில் தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை ஓர் ஓவியர். அவரே மரியாவுக்கு மலர்களை வரையக் கற்றுக்கொடுத்தார்.

சேற்றில் பிறந்தவையா?

சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அவற்றை அருவருப்பாகப் பார்த்தார்கள்.

மரியா கண்டதோ வேறு. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி - நான்கும் ஒரே உயிரின் நான்கு கோலங்கள்! அவற்றை, புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1679-ம் ஆண்டு 50 படங்களுடன் அவரது புழு நூல் வெளிவந்தது. அப்போது அவர் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய்.

பிறகு கணவரைப் பிரிந்தார். 1691-ம் ஆண்டு மகள்களோடு ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். படம் வரைந்து பிழைத்தார்.

கடல் கடந்தார்

அங்கே செல்வர்களின் வீடுகளில், தூர தேசத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பெட்டிகளில் குத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் செத்த பூச்சிகள்! அவை எந்தச் செடியில் வளர்ந்தன? எப்படி உருமாறின? பெட்டியைப் பார்த்தால் தெரியவில்லை.

நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார் மரியா. தம் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்தார். 1699-ம் ஆண்டு இளைய மகள் டொரோதியாவுடன் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 52!

சென்ற இடம் தென் அமெரிக்காவில் உள்ள சூரினாம். அங்கே ஆலந்துக்காரர்கள் அடிமைகளை வைத்துக் கரும்பு பயிரிட்டார்கள். சர்க்கரையைத் தவிர வேறு எதையும் அறியாத அந்த முதலாளிகள், புழு தேடி வந்த பெண்மணியைப் பார்த்து நகைத்தார்கள்.

உதவியவர்கள் அடிமைகளும் அந்நாட்டுப் பழங்குடியினருமே. காட்டில் அவருக்கு வழி வெட்டினார்கள். செடிகளும் பூச்சிகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அங்கே மயில்கொன்றைச் செடியை வரைந்தார் மரியா. நம் ஊர்த் தோட்டங்களிலும் பூக்கும் அதே செடிதான். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்று, அடிமைப் பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள். அந்தக் கண்ணீர்க் கதையை அவர்களே மரியாவிடம் கூறினார்கள். அதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

அழியாத புகழ்

வெப்பமும் காய்ச்சலும் அவரை வாட்டின. 1701-ம் ஆண்டு ஊர் திரும்பினார். 1705-ம் ஆண்டு 60 படங்களுடன் சூரினாம் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். உயிரினங்களுக்குப் பெயரிட்ட விஞ்ஞானி லின்னேயஸ், பிற்காலத்தில் அந்தப் படங்களைப் பயன்படுத்திக்கொண்டார்.

1717-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி மரியா காலமானார். யூரோ நாணயம் வருவதற்கு முன், ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் அவரது படம் இடம்பெற்றிருந்தது.

இன்று இலையைத் தின்னும் புழுதான், நாளை மலருக்கு மலர் மகரந்தம் சுமக்கும் வண்ணத்துப்பூச்சி. அதை ஒரே தாளில் உலகுக்குக் காட்டியது அந்தப் பெண்மணியின் தூரிகை!