வாங்குவோன் தர்மம்: ஜே. ஸி. குமரப்பாவின் வாழ்க்கை

பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிய 1895ஆம் ஆண்டு முதல், கம்பம் பள்ளத்தாக்கு நெல்லுக்குப் பேர்போன பூமியாயிற்று. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியிருக்கிறது. அங்கு விளைந்த நெல்லை ஒரு காலத்தில் பெண்கள் உரலிலிட்டு உலக்கையால் குத்தினர். பின்னர் ஆலைகள் வந்தன; தவிடு முற்றும் நீங்கிய வெள்ளை அரிசியும் வந்தது. ஜனங்கள் கைக்குத்தலரிசியைக் கைவிட்டு வெள்ளையரிசியை விரும்பினர். தம் காசைக் கொடுத்துத் தாம் விரும்பியதை வாங்குவதில் என்ன பிழை இருக்க முடியும்?

எளிதாகத் தோன்றும் இக்கேள்வியை நம் தேசத்தில் மிகக் கூர்மையாக ஆராய்ந்த அறிஞர், தமது அந்திம காலத்தை இப்பள்ளத்தாக்கின் அயலிலேயே கழித்தார். தேனிக்குத் தென்கிழக்கே உள்ள தே. கல்லுப்பட்டியும், கம்பமும் அந்நாளில் ஒரே மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்தன. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். அந்தக் கல்லுப்பட்டியில் வாழ்ந்த அறிஞரே ஜே. ஸி. குமரப்பா.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னீலியஸ். லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, பம்பாயில் அத்தொழிலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். மேனாட்டு உடையும் மேனாட்டு நடையும் அவருக்கு அந்நாளில் இயல்பாயிருந்தன. 1927இல் அமெரிக்கா சென்று, ஸிரக்யூஸ் சர்வகலாசாலையிலும், பின்னர் கொலம்பியா சர்வகலாசாலையில் பேராசிரியர் செலிக்மனிடமும் பயின்றார். பிரிட்டிஷ் சர்க்காரின் வரவு செலவுக் கணக்கையும் இந்தியாவின் வறுமையையும் ஒருசேர வைத்து அங்கே ஆராயப் புகுந்தார். கணக்கர் தேசபக்தரானது அந்த ஆராய்ச்சியினால்தான். 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார், குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதைத் தமதாக்கிக் கொண்டார், கதர் உடுத்தார்.

அவர் கற்றுவந்த மேனாட்டுப் பொருளாதார சாஸ்திரம் கூறுவது யாது? ஒவ்வொரு மனிதனுக்கும் விருப்பங்கள் பல. கையிலுள்ள பணமோ அளவுடையது. ஆகவே, அப்பணத்தைக் கொண்டு தனக்கு மிகுந்த திருப்தி தரக்கூடியவற்றை அவன் தேர்ந்து வாங்குகிறான். அத்திருப்திக்கே சாஸ்திரத்தில் பயன் என்று பெயர். அது உடல் நலமும் அன்று, ஒழுக்கமும் அன்று. கள்ளும் பாலும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படும். மேலும், ஒரே பொருளை அடுத்தடுத்துப் பெறுந்தோறும் அதனால் விளையும் திருப்தி குறைந்துகொண்டே வரும். பசித்தவனுக்கு முதற் கவளம் அமிர்தம். பத்தாவது கவளம் அத்தகையதன்று.

இவ்விதியைப் பணத்துக்கும் பொருத்திப் பார்த்தால் பெரியதோர் உண்மை புலப்படும். கூலிக்காரன் கையிலுள்ள ஒரு ரூபாய் அவன் வீட்டின் ஒருவேளை உணவு. செல்வன் கையில் அதே ரூபாய் எண்ணத்தக்கதன்று. ஆயினும் சந்தையில் இரண்டும் ஒன்றாகவே மதிக்கப்படுகின்றன. காசுள்ளவனுடைய சிறு ஆசை அங்கே உரக்கக் கேட்கும். காசில்லாதவனுடைய பெரும் பசி கேட்பதே இல்லை. விலையே பயனை அளக்கும் கோலாகாது என்று குமரப்பா வற்புறுத்தியதன் அடிப்படை இதுவே.

இதை அவர் ஏட்டிலிருந்து மட்டும் அறியவில்லை. குஜராத்தின் மாதர் தாலுகாவில் 54 கிராமங்களின் வரவு செலவை ஆராய்ந்து, குடியானவன் எதை வாங்குகிறான், எதை வாங்க இயலாமல் தவிக்கிறான் என்பதைக் கணக்கிட்டார். 1934இல் பீஹார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியடிகளோடு வந்த பரிவாரத்தின் செலவையும் அந்நிதியிலிருந்து கொடுக்க அவர் உடன்படவில்லை. வீடிழந்தவனுக்குரிய காசு வேறெங்கும் போகலாகாது என்பதே அவர் கொள்கை.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் காரியதரிசியானார். வார்தாவில் இருந்துகொண்டு கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம் ஆகியவற்றுக்காக உழைத்தார். வெள்ளையரிசியை ஜனங்கள் விரும்புவது உண்மை. ஆனால் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. வைட்டமின் பி1 அற்ற உணவால் பெரிபெரி நோய் வருமென்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. அத்துடன் நெல் குத்திப் பிழைத்த பெண்ணின் கூலியும் போய்விடுகிறது. விருப்பம் நிறைவேறியது, நன்மையோ குறைந்தது. எனவே, ஒரு பொருளை வாங்குகிறவன் அதன் பின்னேயுள்ள உழைப்புக்கும் துன்பத்துக்கும் பொறுப்பாளியாகிறான் என்று குமரப்பா போதித்தார். திருட்டுப் பொருளை அறிந்து வாங்குவோன் திருட்டில் பங்காளியாவது போன்றதே இதுவும்.

இதற்கு ஆட்சேபம் உண்டு. நாம் உண்பதையும் உடுப்பதையும் பிறர் நிர்ணயிப்பதா என்று கேட்போர் உளர். கதரை விட ஆலைத்துணி மலிவு. ஏழை அதை நாடுவது குற்றமா என்றும் கேட்பர். நியாயமான கேள்விகளே. ஏழையின் தேர்வில் பாதி அவனுடைய வறுமை செய்த தேர்வு. அதன் பொருட்டு அவனைக் குற்றஞ்சாட்டுவது அறமாகாது. தேர்ந்தெடுக்கும் வசதி எவனுக்கு மிகுதியோ அவனுக்கே பொறுப்பும் மிகுதி. குமரப்பாவின் போதனை கடைவீதியில் காவலன் நிற்க வேண்டுமென்பதன்று. வாங்குவோன் உள்ளத்தில் விசாரணை நிகழ வேண்டும் என்பதே.

சுதந்தரப் போரில் அவர் பலமுறை சிறை புகுந்தார். சிறையில் எழுதி, 1945இல் வெளிவந்த நிலையான பொருளாதாரம் பற்றிய நூலில், ஒரு லட்சம் ஜனங்கள் வாழும் பகுதிக்குச் சமச்சீரான உணவு கிடைக்க எந்தப் பயிரை எவ்வளவு நிலத்தில் இடவேண்டும் என்று திட்டமிட்டுக் காட்டினார். நிலத்தின் முதற் கடமை பசி தீர்ப்பது. விலை மிகுந்த பயிருக்கு அடுத்த இடமே. சுதந்தரத்துக்குப் பின் காங்கிரஸ் நியமித்த நிலச்சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைமை வகித்து, 1949இல் அறிக்கை அளித்தார். அவர் விரும்பிய பாதையில் தேசம் முழுதும் செல்லவில்லை. 1950களில் கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து எளிய வாழ்வு நடத்தினார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார்.

கம்பத்தில் இன்று நெல்லோடு திராட்சையும் வாழையும் விளைகின்றன. மலைமேல் விளைந்த ஏலம் போடிநாயக்கனூரில் விலை பேசப்படுகிறது. எதை விளைப்பது என்பதை உழவன் தனியே தீர்மானிப்பதில்லை. தொலைவிலுள்ள வாங்குவோனும் உடனிருந்து தீர்மானிக்கிறான். நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. காசு என்னும் வாக்கையோ நாம் தினந்தோறும் அளிக்கிறோம். அதை ஆராய்ந்து அளிப்பதே குமரப்பாவின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க வணக்கமாகும்.