தியான் சந்த்

மேஜர் தியான் சந்த் (ஆகஸ்ட் 29, 1905 – டிசம்பர் 3, 1979) இந்திய ஹாக்கி (வளைதடிப் பந்தாட்டம்) வீரரும் இராணுவ அதிகாரியும் பயிற்சியாளரும் ஆவார். 1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப்பதக்கம் வென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றவர். ஓய்வு பெற்றபின் பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

இராணுவப் பணி

தியான் சந்த் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை சமேஷ்வர் சிங் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் பணிபுரிந்தவர். தந்தையின் பணியிட மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராக அலைந்து இறுதியில் ஜான்சியில் குடியேறியது. தியான் சந்தின் பள்ளிப் படிப்பும் ஆறாம் வகுப்புடன் நின்றுபோனது. 1922 ஆம் ஆண்டு, தமது 17 ஆம் பிறந்தநாளில், சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். ஹாக்கியை முறையாகக் கற்றது அங்கேதான். பகற்பணி முடிந்த பின்னர் நிலவொளியில் பயிற்சி செய்ததால் உடனிருந்த வீரர்கள் இவரைச் சந்த் (நிலா) என்று அழைத்தனர் என்றும், அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது என்றும் கூறப்படுகிறது.

1926 இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்து சென்று 21 ஆட்டங்களில் 18 இல் வென்றது. அவ்வணியில் ஆடித் திரும்பிய தியான் சந்த் லான்ஸ் நாயக் பதவிக்கு உயர்த்தப்பட்டார்.

படையும் பந்தயமும் எப்போதும் ஒத்துப்போயின என்று சொல்வதற்கில்லை. 1932 ஒலிம்பிக்கிற்கு முன் நடந்த மாகாணங்களுக்கிடையிலான போட்டியில் பங்கேற்க இவருடைய படைப்பிரிவு விடுப்பு அளிக்கவில்லை. ஆனால் இவரது திறமையைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்று கருதிய ஹாக்கி கூட்டமைப்பு, தேர்வு ஆட்டம் இன்றியே அணியில் சேர்த்துக்கொண்டது. 1936 இலும் இதே நிலை ஏற்பட்டது. இம்முறை அணித்தலைவர் பொறுப்பும் தேடி வந்தது.

ஒலிம்பிக் போட்டிகள்

1928 ஆம்ஸ்டர்டாம் போட்டியில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. எதிரணிகள் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அவற்றுள் 14 கோல்கள் தியான் சந்த் அடித்தவை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று அணிகள் மட்டுமே பங்கேற்றன. அமெரிக்காவை இந்தியா 24–1 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தில் தம்பி ரூப் சிங் 10 கோல்களும் தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர்.

1936 பெர்லின் போட்டி எளிதாகத் தொடங்கவில்லை. பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் இந்தியா 1–4 எனத் தோற்றது. கலங்கிய அணியினர் இந்தியாவுக்குத் தந்தி அனுப்பி அலி தாராவை வரவழைத்தனர். மழையினால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 15 அன்று அதே ஜெர்மனியுடன் நடைபெற்றது. ஆட்டத்திற்கு முன், அணியுடன் சென்றிருந்த பங்கஜ் குப்தா உடை மாற்றும் அறையில் காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்தினர். பிரித்தானியப் படையில் ஊதியம் பெற்ற ஒரு சிப்பாய்க்கு இது சிறிய செயல் அன்று. இடைவேளையின்போது இந்தியா 1–0 என்று மட்டுமே முன்னிலையில் இருந்தது. ஈரத் தரையில் காலணி வழுக்கியதால் தியான் சந்த் அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஆடினார். இந்தியா 8–1 என வென்றது. ஹிட்லர் இவருக்குத் தமது படையில் பதவி தர முன்வந்தார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை.

1947–48 இல் 42 வயதில் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில் 22 ஆட்டங்களில் 61 கோல்கள் அடித்தார்.

பயிற்சியாளர்

1943 இல் அதிகாரி நிலைக்கு உயர்ந்த தியான் சந்த், 34 ஆண்டுகள் பணிபுரிந்து 1956 இல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. ராஜஸ்தானின் அபு மலையில் பயிற்சி முகாம்களில் கற்பித்தார். 1961 இல் பட்டியாலா அரசரின் பழைய மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கு சில ஆண்டுகள் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தார். அக்கழகம் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமன்றிப் பயிற்சியாளர்களுக்கும் பயிற்சி தந்தது. ஆறாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர் அவர்களுக்கு ஆசிரியரானார்.

இறுதிக் காலம்

கடைசி ஆண்டுகளை ஜான்சியில் பணநெருக்கடியுடன் கழித்தார். 1975 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் இவருடைய மகன் அசோக் குமார். ஆனால் அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், செயற்கைத் தரையில் ஆடிய இந்தியா ஏழாம் இடத்திற்குச் சரிந்தது. அதையும் பார்த்துவிட்டே மறைந்தார். கல்லீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பொதுப் பிரிவில் சேர்க்கப்பட்டவர், 1979 டிசம்பர் 3 அன்று காலமானார். ஜான்சியில் அவர் ஆடிய மைதானத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது.

நினைவு

1980 இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. 2002 இல் தில்லி தேசிய விளையாட்டரங்கிற்கு இவர் பெயர் இடப்பட்டது. பிறந்தநாளான ஆகஸ்ட் 29, 2012 முதல் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2021 இல் கேல் ரத்னா விருது இவர் பெயரால் மாற்றியமைக்கப்பட்டது.