அலைகளுக்கு வழிகாட்டிய கொம்பு

வீடுகளின் மொட்டைமாடியில் பொருத்தப்பட்டிருக்கும் தொலைக்காட்சி ஆன்டெனாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பெரிய கிண்ணம், செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளைத் திரட்டி, முன்னே நீண்டிருக்கும் கரத்தின் நுனிக்கு அனுப்புகிறது. அந்நுனியில் உள்ள சிறிய கொம்பு போன்ற உறுப்பு அவ்வலைகளை ஏற்றுக்கொள்கிறது. இத்தகைய கொம்பு ஆன்டெனாவை 1890-களிலேயே கொல்கத்தாவில் அமைத்துக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். அக்காலத்தில் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். பகவான் சந்திரரோ தம் மகனை முதலில் வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். பிற மொழியைக் கற்குமுன் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஏவலர் வீட்டுப் பிள்ளையும் போஸின் தோழர்களாயினர். பின்னர் அவர் கொல்கத்தாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பயின்று பட்டம் பெற்றார்.

1885-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பணியேற்றார். அங்கு ஐரோப்பியருக்கு அளிக்கப்பட்டதைவிடக் குறைந்த ஊதியமே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸ் அதனை ஏற்க மறுத்தார். ஆனால், பணியை ஒருநாளும் நிறுத்தவில்லை. தந்தையின் கடன் சுமை குடும்பத்தை வருத்திய வேளையிலும், மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். இறுதியில் நிருவாகம் இணங்கி, கடந்த காலத்திற்கும் சேர்த்து முழு ஊதியத்தை அளித்தது. அப்பணத்தைக் கொண்டு தந்தையின் கடனை அவர் தீர்த்தார். இந்நாள்களில் அவருக்குத் துணைநின்றவர் மனைவி அபலா. பெண்களுக்குக் கொல்கத்தாவில் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டதால், சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர்.

மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1888-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் மெய்ப்பித்திருந்தார். அவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றை ஒருமுகப்படுத்த ஆள் உயரத்தை விஞ்சிய உலோகத் தகடுகள் தேவைப்பட்டன. கல்லூரியில் போஸுக்குக் கிடைத்ததோ ஒரு சிற்றறை. கருவிகள் செய்ய உதவியவர், தகர வேலை அறிந்த உள்ளூர்த் தொழிலாளர் ஒருவர். போஸ் தம் அறைக்கேற்ற வழியைக் கண்டார். அலை சிறிதானால் ஆன்டெனாவும் சிறிதாகலாம் அன்றோ? அவர் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய அலைகளை உண்டாக்கினார். அதனால் கருவிகள் யாவும் ஒரு மேசைமீது அடங்கின.

அச்சிற்றலைகளை அவர் உலோகக் குழாய் ஒன்றின் வழியே செலுத்தினார். குழாயின் வாய் திடீரென முடிந்தால் அலையின் ஒரு பகுதி உள்நோக்கித் திரும்பிவிடும். எஞ்சியது பல திசைகளிலும் சிதறும். ஆகவே, வாய்ப்புறம் சிறிது சிறிதாக விரியும் கொம்பு ஒன்றைப் பொருத்தினார். தொலைவில் நிற்பவரை அழைக்கும்போது வாயருகே கைகளைக் குவித்துக் கூவுகிறோம் அல்லவா? குரல் ஒரு திசையில் செல்வது போலவே, கொம்பின் வழியே அலையும் ஒரு திசையில் செல்லும். பெறும் முனையில் வைக்கப்பட்ட கொம்பு, பரந்து வரும் அலையைத் திரட்டி உணர்கருவியிடம் சேர்க்கும். இரண்டு கொம்புகளும் ஒன்றையொன்று நேராக நோக்கியிருத்தல் வேண்டும்.

அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதும் முதன்மையானது. அதனை ஆராயப் போஸ் விலையுயர்ந்த கருவியைத் தேடவில்லை. இரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கிடையே மெல்லிய தகரத் தாள்களைச் செருகினார். அப்புத்தகம் ஒரு தளத்தில் அதிரும் அலையை விட்டது. அதற்குக் குறுக்கான தளத்தில் அதிர்வதைத் தடுத்தது. முறுக்கிய சணல் கற்றைகளைக் கொண்டும் ஆய்ந்தார். ஆன்டெனாவைப் பொருத்தும் இன்றைய தொழிலாளர், அதனைத் திசை நோக்கித் திருப்புவதோடு அதிர்வுத் தளத்திற்கேற்பவும் சரிசெய்வது இக்காரணம் பற்றியே.

1895-இல் கொல்கத்தாவில் மக்கள்முன் தம் ஆய்வை நிகழ்த்தினார். கம்பித் தொடர்பின்றித் தொலைவிலிருந்த மணி ஒலித்தது; வெடிமருந்து வெடித்தது. 1897 ஜனவரியில் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர்முன் கருவிகளை இயக்கிக் காட்டினார். கம்பியில்லாத் தந்தியைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் மார்கோனி. போஸோ அலையின் இயல்பை அறிவதிலேயே நாட்டம் கொண்டார். அறிவைப் பணமாக்க அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால், உணர்கருவி ஒன்றுக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெறப்பட்டது. அதனாலும் அவர் வருவாய் தேடவில்லை.

பின்னர் அவர் கவனம் தாவரங்களின் உணர்வை ஆராய்வதில் சென்றது. சிற்றலைகளுக்கு அன்று பயன் இல்லாமையால் கொம்பு ஆன்டெனா மறக்கப்பட்டது. 1930-களில் மேலைநாட்டார் அதனை மீண்டும் உருவாக்கினர். இன்று அது செயற்கைக்கோள் நிலையங்களிலும் வானொலித் தொலைநோக்கிகளிலும் பணிபுரிகிறது.

1917 நவம்பர் 30 அன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று மறைந்தார். அவர் கையாண்ட கருவிகள் இன்றும் அந்நிறுவனத்தில் காக்கப்பட்டு வருகின்றன. குறைந்த வசதி அவர் ஆய்வைத் தடுக்கவில்லை. புதிய வழியைத் தேடவே தூண்டியது.

சொற்பொருள்

ஏவலர் – பணியாளர்
விஞ்சிய – மிகுந்த
நாட்டம் – விருப்பம்
கற்றை – கட்டு, தொகுதி

விடையளி

1. போஸ் மூன்று ஆண்டுகள் ஊதியம் பெற மறுத்தது ஏன்?
2. அலையின் நீளம் குறைந்ததால் போஸுக்கு விளைந்த நன்மை யாது?
3. குழாயின் வாயில் கொம்பைப் பொருத்துவதன் பயனை விளக்குக.
4. உன் வீட்டருகே உள்ள ஆன்டெனா ஒன்றைக் கவனித்து, அது எத்திசையை நோக்கியுள்ளது என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.