கவுனும் சுருட்டும்... ஜூலியன் எல்டிங்கின் இரண்டு முகங்கள்!

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு விளம்பர போட்டோ. இறுக்கிப் பிடித்த இடுப்பு, தரை தொடும் கவுன், தலையில் பெரிய தொப்பி, கேமராவைப் பார்த்து லேசாக ஒரு புன்னகை. 'யாருப்பா இந்த ஹீரோயின்?'னு கேட்கத் தோணுதா? ஹீரோயின் இல்லை பாஸ்... ஜூலியன் எல்டிங் என்கிற ஆண்!

1881-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நிஜப் பெயர் வில்லியம் டால்டன். நம்ம ஊர் நாடகங்களில் 'ஸ்திரீபார்ட்'னு சொல்வோமே, அதுதான் இவர் வேலை. அன்றைய அமெரிக்க மேடையில் பெண் வேஷம் போட்ட ஆண்கள் பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தான் வந்தார்கள். எல்டிங் ரூட்டே வேற. கேலி செய்யாமல், ஒரு பெண்ணாகவே நின்று பாடினார், ஆடினார். கடைசியில் விக்கைக் கழற்றும்போதுதான், அதுவரை ரசித்தது ஓர் ஆணை என்பதே பலருக்குத் தெரியும். அரங்கம் ஒரு நொடி ஆடிப்போயிடும்!

1904-ல் பிராட்வே மேடை. 1906-ல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு முன்னால் நடிப்பு. 1911-ல் 'தி ஃபேசினேட்டிங் விடோ' நாடகம் செம ஹிட். மறுவருஷமே நியூயார்க்கின் 42-வது தெருவில் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டர் எழும்பியது. பெண்களுக்கு அழகுக் குறிப்பு சொல்லும் பத்திரிகை, அவர் பெயரில் கோல்டு க்ரீம்... இன்றைய பியூட்டி இன்ஃப்ளூயன்சர்கள் செய்வதையெல்லாம் அப்பவே செஞ்சுட்டார் மனுஷன்.

ஆனால், அவருடைய இன்னொரு வகை போட்டோக்களையும் நீங்க பார்க்கணும். கோட் சூட், வாயில் சுருட்டு, கையில் பாக்ஸிங் கிளவுஸ். கடைசிவரை கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர் என்பதால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. 'மேடையில்தான் பெண், கீழே இறங்கினால் பக்கா ஆம்பளை' என்று காட்டவே இந்தப் படங்கள் பரப்பப்பட்டன. கவுனுக்குக் கைதட்டிய அதே ஊர், கவுனைக் கழற்றியதும் ஆதாரம் கேட்டது.

அந்த ஆதாரமும் அவரைக் காப்பாற்றவில்லை. 1930-களில் பெண் வேஷக் கலைஞர்கள் மேல் போலீஸ் கெடுபிடி அதிகமானது. 1940-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப் ஒன்றில் அவர் பெண் உடை போட அனுமதி கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தன் கவுன்களை மேடையில் காட்சிக்கு வைத்து, பக்கத்தில் சூட்டோடு நின்று, ஒவ்வொரு கவுனாகக் காட்டி அந்தந்தப் பெண்ணாகப் பேசி நடித்தார். யோசிச்சுப் பாருங்க... தன் உடைகளுக்கே வெளியாளாக நின்ற கலைஞன்!

அடுத்த வருஷம், 1941-ல், நியூயார்க்கில் இறந்துபோனார். வயது 59.

அவர் பெயரில் எழும்பிய தியேட்டரை இடிக்காமல், 1998-ல் அப்படியே நகர்த்தி அதே தெருவில் கொஞ்ச தூரம் தள்ளி வெச்சாங்க. இன்று அது ஒரு மல்ட்டிபிளெக்ஸின் வாசல். வாசலில் அவர் பெயர் இல்லை.

எங்கேயாவது அந்த கவுன் போட்டோ கண்ணில் பட்டால், சுருட்டு போட்டோவையும் தேடிப் பாருங்க. முதல் படத்தை அவர் ஆசைப்பட்டு எடுத்திருக்கலாம். இரண்டாவதை எடுக்க வைத்தது ஊர்தான்.