ஃபுல்லர் ஆல்பிரைட்

ஃபுல்லர் ஆல்பிரைட் (சனவரி 12, 1900 – டிசம்பர் 8, 1969) ஓர் அமெரிக்க மருத்துவர். நாளமில்லாச் சுரப்பியல் அறிஞர். பஃபலோ நகரில் பிறந்து, ஆர்வர்டில் மருத்துவம் பயின்று, பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றினார்.

முதிய பெண்களின் முதுகு கூனுவதும் சிறு இடறலில் எலும்பு முறிவதும் மூப்பின் இயல்பென்றே அக்காலத்தில் கருதப்பட்டன. தாம் ஆராய்ந்த 42 எலும்புப்புரை நோயாளிகளுள் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதை 1940களின் தொடக்கத்தில் ஆல்பிரைட் வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் குறைவே காரணம் என விளக்கி, அதனையே மருந்தாகவும் அளித்தார். (புதிய எலும்பு உருவாவது குன்றுகிறது என இவர் எண்ணினார், எலும்பு கரைவது மிகுவதே முதன்மைக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.) எலும்பு அடர்த்தியை அளக்கும் கருவி அப்போது இல்லை, பெரும்பாலும் முறிவுக்குப் பின்னரே நோய் தெரியவந்தது.

இளம் வயதிலேயே நடுக்குவாதம் இவரைத் தாக்கியது. 1956-இல் நடந்த மூளை அறுவைக்குப்பின் பேச்சிழந்து, தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே 13 ஆண்டுகள் நோயாளியாக இருந்து காலமானார்.