ஆலை முதலாளியின் மகன் ராக்கெட் செய்தார்

ஆமதாபாத் நகரம் துணி ஆலைகளுக்குப் பேர் போனது. அங்கே காலிகோ ஆலையை நடத்தியவர் அம்பாலால் சாராபாய். பெரும் செல்வர். அவருடைய மகன்தான் விக்ரம் சாராபாய். 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி பிறந்தார்.

அப்பாவின் ஆலையைப் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் விக்ரமின் மனம் விஞ்ஞானத்தில் இருந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தார். உலக யுத்தம் மூண்டதும் தாயகம் திரும்பினார். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1942-ம் ஆண்டு நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். நேதாஜி படையின் கேப்டன் லட்சுமி, மிருணாளினியின் அக்காள்.

1947-ம் ஆண்டு ஆமதாபாத் ஆலைகளுக்காக "அட்டிரா" என்ற நெசவு ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கி நடத்தினார். அப்போது அவருக்கு வயது 28.

தென்னந்தோப்பில் ராக்கெட்

பிறகு வானத்தின் மீது கண் வைத்தார். கேரளத்தில் தும்பா என்ற மீனவர் கிராமத்தில் ராக்கெட் தளம் அமைத்தார். 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் பறந்தது. ஆனால் அது அமெரிக்க ராக்கெட். நம் ராக்கெட்டை நாமே செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

எஃகுக் கூடு கனம். கனமான கூடு உயரே போகாது. அதற்கு ஒரு வழி உண்டு. கண்ணாடியை உருக்கினால் தலைமயிரிலும் மெல்லிய நாராக இழுக்கலாம். அந்த நாரை நெய்து, பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுகவிட்டால் கெட்டியான கூடு கிடைக்கும். எடைக்கு எடை பார்த்தால் அது எஃகையும் மிஞ்சும்.

எந்தத் துணி? எந்தப் பிசின்?

வளைவான பாகத்துக்கு, வளைந்து கொடுக்கும் மெல்லிய நெசவு வேண்டும். ஆனால் நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து போகும். நேராக ஓடும் இழைக்கே முழு பலம். ஆகையால், உள்ளிருந்து நெருப்பும் வாயுவும் நெருக்கும் குழாய்க்குத் துணியைவிட நூலே மேல். பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவதுபோல அதை இறுகச் சுற்ற வேண்டும்.

பிசினிலும் இப்படித்தான். பாலியெஸ்டர் பிசின் மலிவு, இறுகும்போது சுருங்கும். எபாக்சி பிசினுக்கு விலை அதிகம். ஆனால் நாரை நன்றாகப் பற்றும், சுருக்கமும் குறைவு. பிசின் மிகுந்தால் கனம் ஏறும். குறைந்தால் இடையில் காற்று தங்கும். அந்த இடத்தில் விரிசல் விடும்.

தும்பாவில் இந்த வேலையில் முனைந்து நின்றவர் ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். செயற்கைக் கோளை ஏற்றும் நாலு அடுக்கு ராக்கெட்டின் உச்சி அடுக்கை சாராபாய் அவரிடம் ஒப்படைத்தார். உச்சி அடுக்கின் கூட்டில் ஒரு கிலோ குறைந்தால், செயற்கைக் கோளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ லாபம்!

அதே அடுக்கைத் தங்கள் "டயமண்ட்" ராக்கெட்டிலும் பொருத்த பிரெஞ்சுக்காரர்கள் விரும்பினார்கள். அதற்காக 400 மில்லிமீட்டர் விட்டம் 650 மில்லிமீட்டராக மாற்றப்பட்டது. பாடுபட்டுச் செய்த பின், பிரெஞ்சுக்காரர்கள் டயமண்ட் திட்டத்தையே கைவிட்டார்கள்.

பார்க்காமல் போனார்

1971-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, கோவளத்தில் சாராபாய் திடீரென்று காலமானார். வயது 52. அந்த நாலு அடுக்கு ராக்கெட் பறப்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இளைஞர்கள் வேலையை விடவில்லை. 1979-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18-ந் தேதி அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியை வானில் சேர்த்தது. உச்சியில் இருந்தது, நாரும் பிசினும் சேர்ந்த அந்த அடுக்குதான்.

1981-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி இந்தியாவின் "ஆப்பிள்" செயற்கைக் கோள், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பிய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. அதனுள்ளே மோட்டாராக அமர்ந்து போனதும் அந்த நாலாவது அடுக்கே. பிரெஞ்சுக்காரர் வேண்டாம் என்று விட்ட சரக்கு, பிரெஞ்சு மண்ணிலிருந்தே வானம் ஏறியது!

பாவு போட்டவர் சாராபாய். ஊடு ஓட்டி நெய்து முடித்தவர்கள், அவர் நம்பி வேலை கொடுத்த இளைஞர்கள்.