தென் துருவ நாட்டில் மனை கோலிய ஆசிரியர்

துருவ யாத்திரை என்றவுடன் நமது மனக்கண்முன் தோன்றுவன சறுக்குவண்டிகளும், நாய்களும், கொடி நாட்டும் வீரருமே. அவ்வீரர் ஒடுங்குதற்கு ஒரு கூரை வேண்டும் என்பதையும், அக்கூரை நிலைத்து நிற்க நிலம் திருத்தவேண்டும் என்பதையும் நாம் எண்ணுவது அரிது. அவ்வெளிய தொழிலைச் செவ்வனே செய்து, பின்னர் அதனாலேயே உயிர் பிழைத்த ஸர் டக்ளஸ் மாஸன் என்னும் பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மாஸன் 1882-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியிற் பிறந்தார். அவர் இரண்டு வயதுக் குழந்தையாயிருக்கையில் பெற்றோர் ஆஸ்திரேலியாவிற் குடியேறினர். ஸிட்னி சர்வகலாசாலையில் சுரங்கத் தொழிலும் பூகர்ப்ப சாஸ்திரமும் கற்று, 1905-ல் அடிலெய்டு சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். ஷாக்கில்டன் தலைமையில் தென் துருவ நாடு சென்ற கூட்டத்திற் சேர்ந்து, 1909 ஜனவரியில் தென் காந்த துருவத்தை எட்டிய மூவருள் ஒருவரானார்.

1911 டிசம்பரில் தாமே தலைமை தாங்கி, 'அரோரா' என்னும் கப்பலில் ஹோபார்ட் துறைமுகத்தினின்று மீண்டும் புறப்பட்டார். துருவத்தை முதலில் மிதிக்கும் போட்டியில் அவர் கலந்துகொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, மக்கள் அறியாதிருந்த கடற்கரையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைத்து, காற்று, குளிர், காந்தம், பாறை, உயிரினம் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் ஆராய்வதே அவரது நோக்கமாகும்.

நிலையத்திற்குத் தக்க இடம் எளிதிற் கிட்டவில்லை. பனிக்கட்டியின்மேற் கட்டினால் அது மெல்ல நகர்ந்து கடலில் உடைந்து வீழும். ஆதலின், பாறை வெளிப்பட்ட நிலமும், படகு ஒதுங்கத் துறையும், உள்நாடு செல்ல வழியும் ஒருங்கே வேண்டும். 1912 ஜனவரி 8-ஆம் தேதி இம்மூன்றும் அமைந்த ஒரு முனையைக் கண்டு, அதற்கு டெனிஸன் முனை என்று பெயரிட்டனர். அன்று பகலில் வானம் தெளிந்திருந்தது. மாலையிலோ காற்று எழுந்தது. சாமான்களை இறக்கும் வேலை பலமுறை தடைப்பட்டது. உள்நாட்டு மேட்டுநிலத்திற் குளிர்ந்து கனத்த காற்று சரிவின் வழியே கடலை நோக்கிப் பாயும் வாயிலிலே தாம் மனை கோலியிருப்பதை அவர்கள் நாளடைவில் உணர்ந்தனர். அங்கே காற்றின் சராசரி வேகமே மணிக்குச் சுமார் 50 மைல்! ஆனால் ஜனவரி 19-ஆம் தேதியே கப்பல் சென்றுவிட்டது. இனி இடத்தை மாற்றுதல் இயலாது. அஸ்திவாரத்தையே நம்ப வேண்டியதாயிற்று.

கட்டியவர் தச்சரல்லர், பெரும்பாலோர் அண்மையிற் பட்டம் பெற்ற இளைஞர். பாறையிற் குழி தோண்ட டைனமைட் வைத்தனர். வெடிமருந்தின்மேல் இட்டு அடைக்கக் களிமண் அங்கே ஏது? பென்குவின் பறவைகளின் எச்சத்தை இட்டு இறுக்கினர். அது உறைந்து கல்லாயிற்று. குழிகளிற் கால்களை நட்டு, சுற்றிலும் பெருங்கற்களை அடுக்கினர். முன்னரே அறுத்துக் கொணர்ந்த மரங்களைக்கொண்டு 24 அடிச் சதுரமான வீடும், அதனையொட்டிச் சிறியதோர் தொழிற்கூடமும் எழுந்தன. கூரையைத் தாழச் சரித்து, தாழ்வாரத்தில் உணவுப் பெட்டிகளை அடுக்கினர். காற்று கொணர்ந்த பனி வீட்டை மூடி, அதுவே ஒரு போர்வையாயிற்று. காந்தக் கருவிகளுக்கெனச் சற்றுத் தூரத்தில் வேறொரு குடிலும் அமைத்தனர்.

அவ்வாண்டு நவம்பரில் மாஸன், நின்னிஸ், மெர்ட்ஸ் என்னும் இருவருடன் கிழக்கே புறப்பட்டார். 300 மைலுக்கு அப்பால், டிசம்பர் 14-ஆம் தேதி, நின்னிஸ் உணவின் பெரும்பகுதியோடு பனிப்பிளவில் வீழ்ந்து மறைந்தார். திரும்பும் வழியில், 1913 ஜனவரியில் மெர்ட்ஸும் உயிர் துறந்தார். மாஸன் சறுக்குவண்டியை இரு கூறாக அறுத்து, ஒரு பாதியை இழுத்துக்கொண்டு சுமார் 100 மைல் தன்னந்தனியே நடந்தார். பிப்ரவரி 8-ஆம் தேதி முனையை அடைந்தபோது, கப்பல் சில மணிநேரத்திற்கு முன்னரே புறப்பட்டிருந்தது. கம்பியில்லாத் தந்தியால் அதனை மீட்டழைத்தும், காற்று கரையை அணுகவிடவில்லை.

ஆயினும் வீடு நின்றது! அவரைத் தேடுதற்கென அறுவர் அதனுள் காத்திருந்தனர். நைந்த உடலுடன் வந்த அவரை அவ்வீடு மேலும் பத்து மாதம் காத்தது. பாறையிற் குழி தோண்டிய அன்று, அது தம் உயிருக்கே இட்ட அஸ்திவாரம் என்று அவர் எங்ஙனம் அறிவார்?

1914-ல் 'ஸர்' பட்டம் பெற்ற மாஸன், பின்னர் அடிலெய்டிற் பேராசிரியராகி நெடுங்காலம் மாணாக்கர்க்குக் கற்பித்தார். 1929 முதல் 1931 வரை மீண்டும் தென்கடல் சென்றார். 1954-ல் ஆஸ்திரேலியர் நிறுவிய துருவ நிலையத்திற்கு அவர் பெயரையே சூட்டினர். 1958 அக்டோபர் 14-ஆம் தேதி அவர் காலமானார். டெனிஸன் முனை வீடு நூறாண்டு கடந்தும் நிற்கின்றது.

இடத்தைத் தேர்ந்ததில் மாஸன் அறியாது பிழைத்திருக்கலாம். அடிப்படை வேலையில் அவர் பிழை செய்திலர். நம்முட் பலருக்கும் நிற்கும் இடம் நாம் விரும்பியவாறு அமைவதில்லை. அங்கே எத்துணை ஆழம் தோண்டுகிறோம் என்பதோ நம் கையிலுள்ளது. கல்லூரிப் பருவம் அங்ஙனம் தோண்டும் பருவமென நம் மாணவ நண்பர்கள் உணர்வார்களாக.